ஐந்தடி வாசல்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பேன். கங்கையம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிடுவேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிடுவேன். பல பொங்கல் இப்படியே போய்விட்டது. காரணம் பயம்தான். அம்மனிடம் இல்லை, அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? பயம் என் சம்பந்தி ஏகாம்பரத்திடம். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஒரு குப்பத்தில் அவர் பஞ்சாயத்தாரில் மூத்தவர். ஆறடிக்கு மேல் உயரம். அந்த உயரத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருந்தது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் செல்போன். செட் வேலை செய்கிற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற என்னையும் மரியாதைக்குச் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பையன் போட்டோ போட்டான். டிவி போட்டி நிகழ்ச்சியின் செட். ஆனால் செட்டே இல்லை. சுவர் முழுக்க எல்ஈடி திரை. அதில் அரண்மனை வேண்டும் என்றால் அரண்மனை, கடல் வேண்டும் என்றால் கடல். "அண்ணே, உங்க காலத்துல நெசமாவே அரண்மனை கட்டுவீங்களாமே, எவ்ளோ பெருசு?" என்று கேட்டான். அளவைத் தட்டி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அண்ணே, ஒரு சைபர் விட்டுட்டீங்க."

நான் சைபர் விடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சம்பந்தியிடம் அனுமதி கேட்டேன். வலையை உதறிக்கொண்டே, "எழுதேன், யாரு வாணாம்னா? ஆனா அளவ கரெக்டா எழுது" என்றார்.

நான் எட்டாவது வரை படித்தவன். கடலுக்குப் போகிற குடும்பம். நைனா என்னை முதல் நாள் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனபோது, வலையில் விழுந்த மீனைவிட நான்தான் அதிகம் துடித்தேன். அலை ஏறும்போது ஒரு வாந்தி, இறங்கும்போது ஒரு வாந்தி. கரைக்கு வந்ததும் நைனா அம்மாவிடம், "இவன் கடலுக்கு ஆவ மாட்டான், மரத்துக்கு அனுப்பு" என்றார். பொன்னேரியில் ஒரு ஆசாரியிடம் மர வேலை கற்றேன். அங்கிருந்து ரயில் பிடித்துச் சென்னை. முதலில் சினிமா செட்டுக்கு ஆணி பிடுங்குகிற வேலை. பிறகு ஒரு டிவி நிகழ்ச்சியில் செட் மேஸ்திரி. கற்றுக்கொண்ட காலம் அவ்வளவுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. கையில் நான்கைந்து தழும்புகள் இருக்கின்றன.

சொல்ல வேண்டியது வரதன் சாரைப் பற்றி. எங்கள் ஆர்ட் டைரக்டர். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவான உயரம். குரல் அதைவிடக் குறைவு. முதலாளியானாலும் பெருக்குகிறவரானாலும் எல்லோரும் அவருக்கு "ராஜா"தான். தப்பாகச் செய்தால் திட்ட மாட்டார். சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நாம் அதைச் சரி செய்திருக்க வேண்டும். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். நடுவில் டிவி வடிவத்தில் சதுரமாக ஓட்டை வெட்டியது. அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத்தான் செட்டைப் பார்ப்பார். "கண்ணால பாக்காத ராஜா, கண்ணு பொய் சொல்லும். ஓட்டையால பாரு" என்பார்.

படப்பிடிப்புக் கூடத்தை நாங்கள் ஃப்ளோர் என்போம். எங்கள் ஃப்ளோர் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவுதான். டிவியில் அது ராஜாவின் கொலு மண்டபம். எப்படி என்றால் இப்படி:

முன்னால் நிற்கிற தூண்கள் ஒன்பதடி. அதற்குப் பின்னால் உள்ளவை ஏழடி. கடைசியில் நிற்பவை ஆளின் நெஞ்சு உயரம். எல்லாம் ஒரே நிறம், ஒரே பூ வேலை. ஆனால் பின்னால் போகப்போகப் பூவும் சிறுத்துக்கொண்டே போகும். தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் குறைந்துகொண்டே போகும். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம். முன்னால் கட்டம் தாம்பாளம் அளவு, கடைசியில் டீ கிளாஸ் தட்டு அளவு. அதன் மேல் பளபளவென்று பாலீஷ். மேலே உள்ள விளக்கு கீழேயும் தெரிந்தால் ஆழம் இரட்டிப்பாகும். ரசிகர்கள் உட்காருவதற்கு மூன்றே வரிசை பெஞ்சு, மாடிப்படி மாதிரி செங்குத்தாக. கேமராவைக் கீழே வைத்து மேல்நோக்கிப் பிடித்தால் மாநாட்டுக் கூட்டம். பின்சுவரில் படிகள். படிகளுக்கு உச்சியில் கோபுர வாசல். டிவியில் யானை நுழையலாம் போலிருக்கும். உண்மையில் ஐந்தடி. வரதன் சார் அளவு. வாசல் செய்து முடித்ததும் அவரே ஒருமுறை நிமிர்ந்து அதற்குள் நடந்து பார்ப்பார். தலை படவில்லை என்றால், "முடிஞ்சுது ராஜா, பூசணிக்காய ஒட" என்பார். பூசணிக்காய்க்குள் குங்குமமும் சில்லறையும் போட்டு உடைத்து, கற்பூரம் ஏற்றுவது என் பொறுப்பு. அந்த வேலையை ஒருநாளும் நான் யாருக்கும் விட்டதில்லை.

இந்தப் பெரிய அரண்மனை முழுக்க ஒரே ஒரு மஞ்சள் டேப்பை நம்பி நின்றது. நடுத் தூண்களுக்கு முன்னால் தரையில் ஒட்டியிருப்போம். அதைத் தாண்டி ஒருவரும் பின்னால் போகக் கூடாது. போனால் தூண் அவர் நெஞ்சுக்கு வரும், அரண்மனை பொம்மை வீடாகிவிடும். கோபுர வாசல் வழியாக வருவது நடனமாடுகிற சின்னப் பிள்ளைகள் மட்டும்தான். போட்டியாளர்கள் பக்கவாட்டில் திரையை விலக்கிக்கொண்டு வருவார்கள்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என் மகள் மஞ்சுளாவுக்கு வரன் வந்தது.

பையன் ஏகாம்பரத்தின் மகன், எளாவூரில் டீசல் மெக்கானிக். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே நடந்துவிட்ட விஷயம் என்று பிறகு என் மனைவி கன்னியம்மா சொன்னாள். தட்டு மாற்ற ஏகாம்பரத்தின் வாய்ச்சொல் ஒன்றுதான் பாக்கி. அவர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, சுறாப்புட்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"பொண்ண பாத்தாச்சு. தங்கமான பொண்ணு. ஆனா கடலுக்குப் போவாத ஆளுகிட்ட நாங்க இதுவரிக்கும் சம்பந்தம் வெச்சதில்ல. டிவில அரண்மனை கட்றேன்றீங்க. அத ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு சொல்றேன்."

பெண் பார்க்க வருவார்கள், வீடு பார்க்க வருவார்கள். பெண்ணின் அப்பன் செய்கிற வேலையைப் பார்க்க வருவது எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துப் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி வந்தது. கடற்கரைக் குடும்பங்கள் மோதுகிற போட்டி. மேனேஜர் என்னிடம், "மேஸ்திரி, உங்க பக்கம் கலகலன்னு பேசற குடும்பம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அம்மன்தான் வழி காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் வேறு எதையோ நினைத்திருக்கிறாள்.

ஏகாம்பரம், அவர் மனைவி, தம்பி, தம்பி மனைவி, மகன் என்று ஐந்து பேர் வெள்ளை வேட்டி, பட்டுப் புடவை சகிதம் வந்து இறங்கினார்கள். ஃப்ளோருக்குள் நுழைந்ததும் ஏகாம்பரம் சுற்றிலும் பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி சுற்றிலும் பார்த்தார்.

"மீதி எங்க?"

"இதான் சம்பந்தி முழுசும்."

"எங்க ஏலம் கூறுற கொட்டாய் இத்தவிட பெருசுய்யா."

அவர் தம்பி மெதுவாக, "அண்ணே, டிவிக்காரங்க தண்ணி ஊத்தி ஊற வெச்சு காட்டுவாங்க போலகிது" என்றார். என் மகளின் கல்யாணம் கண்ணுக்கு முன்னாலேயே அலையடித்துக் கரைவது போலிருந்தது.

அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். நிகழ்ச்சி இயக்குநருக்கு அன்று ஒரு புதிய யோசனை வந்தது. பொங்கல் அல்லவா, குடும்பத் தலைவர்கள் பறை மேளத்தோடு கோபுர வாசல் வழியாக வர வேண்டும் என்றார். வரதன் சார் காதோடு காதாக, "வாசல் சின்னது ராஜா" என்றார். "குனிஞ்சு வரட்டும் சார், ஒரு செகண்ட்தானே" என்று இயக்குநர் ஓடிவிட்டார்.

ஒத்திகை. மேளம் அடித்தார்கள். வாசலில் ஏகாம்பரம் தோன்றினார். தோன்றினார் என்றால் கழுத்து வரை தோன்றினார். தலை வாசலுக்கு மேலே மறைந்திருந்தது. நான் கீழேயிருந்து, "சம்பந்தி, கொஞ்சம் குனிஞ்சு வாங்க" என்று கத்தினேன்.

"நான் ஏன் குனியணும்? எங்கூர்ல எனக்குத்தான் குனிவானுங்க" என்று குரல் மட்டும் வந்தது. அடுத்து ஆளும் வந்தார், நிமிர்ந்தபடியே. நெற்றி வளைவில் மோதியது. வளைவு தெர்மாகோல். அது உடைந்து விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நடுவில் பிய்த்துக்கொண்டு மேலேறி, அப்படியே அவர் தோளில் மாலை மாதிரி இறங்கியது. கோபுரக் கலசம் மூன்றும் அவர் மீசைக்குக் கீழே வரிசையாக நின்றன. அந்தக் கோலத்தோடு அவர் படிகளில் இறங்கி, நெஞ்சு உயரத் தூண்களுக்கு நடுவே நின்றார். வானத்திலிருந்து குதித்தவர் போலிருந்தார்.

முதலில் சிரித்தது அவர் தம்பி. பிறகு தம்பி மனைவி. பிறகு கிரேன்காரர், லைட்மேன், ரசிகர் பெஞ்சில் இருந்த எல்லோரும். சிரிக்காதவர்கள் மூன்று பேர். நான், வரதன் சார், ஏகாம்பரம்.

"பொண்ணு வூட்டுக்காரன் கழுத்துல மாலை போடுவான்னு பாத்தா, வாசப்படிய மாட்டிகிறான்!" என்றார் ஏகாம்பரம். "டேய், கெளம்புங்கடா. சம்பந்தமும் வாணாம், பொங்கலும் வாணாம்."

மாப்பிள்ளைப் பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நைனா, நைனா, டீ குடிச்சிட்டு போலாம் நைனா" என்று கெஞ்சி வெளியே கூட்டிப் போனான். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏதாவது செய்யுங்கள் என்கிற பார்வை. அந்தப் பார்வைக்காகவே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

வரதன் சார் உடைந்த வாசலைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உயரத்தக் கூட்டலாம் ராஜா. ஆனா வாசல் ஏறினா தூண் ஏறணும், தூண் ஏறினா படி ஏறணும். ஒரு வாரம் ஆகும். அந்த மனுசன் குனிவாரா?"

"குனிய மாட்டார் சார். வெய்யில்ல நிக்கிற பனைமரம் அது."

"எதுக்குமே குனிய மாட்டாரா?"

அப்போதுதான் என் கண் அந்தப் பக்கம் போனது. பொங்கல் அலங்காரத்துக்காகப் பழவேற்காட்டிலிருந்து ஒரு பழைய படகின் முன்பாகத்தை அறுத்து டெம்போவில் கொண்டு வந்திருந்தேன். எங்கள் பேச்சில் அதை அணியம் என்போம். அது ஓர் ஓரமாகக் கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. எங்கள் ஆட்களில் எவ்வளவு பெரியவரானாலும் படகில் கால் வைப்பதற்கு முன்னால் குனிந்து அணியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஏற மாட்டார். செருப்போடு ஏற மாட்டார். வாந்தி எடுக்கிற நான்கூட அப்படித்தான் ஏறினேன்.

"சார், படகுன்னா குனிவாரு" என்றேன்.

வரதன் சார் அட்டையை எடுத்து ஓட்டை வழியாக அணியத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். எழுந்து சட்டைக் கையை மடித்தார். அவர் சட்டைக் கையை மடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வளைவைப் புதிதாக வெட்டிப் பட்டி பார்த்து வண்ணம் அடித்தோம். அணியத்தைத் தூக்கி வாசல்படிக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்தில் வைத்தோம். வருகிறவர் அதைத் தாண்டித்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வெறுமனே வைக்க எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, கற்பூரம் காட்டினேன். "தாயே, பேருக்குப் படகு வைக்கவில்லை. பூசை போட்டுத்தான் வைக்கிறேன். யார் குனிந்தாலும் உனக்குத்தான் குனிகிறார்கள். என் பெண்ணைக் கரை சேர்த்துவிடு" என்று கும்பிட்டேன்.

மகன் எப்படியோ பேசி அப்பாவை மறுபடி கூட்டி வந்துவிட்டான். "ஒரேவாட்டி வரேன். எவனாவது குனின்னு சொன்னீங்க, அப்படியே பஸ் ஏறிடுவேன்" என்று சொல்லித்தான் வந்தார். யாரும் சொல்லவில்லை. மேளம் முழங்கியது. கேமரா ஓடியது. நான் தூணுக்குப் பின்னால் அம்மன் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வேட்டி தெரிந்தது. நின்றது. பிறகு இரண்டு கால்களும் செருப்பிலிருந்து வெளியே வந்தன. நீளமான ஒரு கை இறங்கி அணியத்தைத் தொட்டது. கையைத் தொடர்ந்து தலை வந்தது, வளைவுக்குக் கீழே ஒரு சாண் இடம் விட்டு. தொட்ட கையைக் கண்ணில் ஒற்றி, குனிந்தபடியே ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, அடுத்த காலையும் வைத்து, "தாயே கங்கையம்மா" என்று அதே குனிவோடு படிகளில் இறங்கி, மஞ்சள் டேப்பைத் தாண்டி முன்னால் வந்தார். அவர் நிமிர்ந்தபோது ஒன்பதடித் தூண்களுக்கு நடுவே நின்றார். ராஜா மாதிரி இருந்தார். பின்னாலேயே மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராகத் தொட்டு, ஒற்றி, தாண்டி வந்தார்கள்.

அத்தோடு முடியவில்லை. நிகழ்ச்சித் தொகுப்பாளர் உற்சாகத்தில் படியேறிப் போய், அணியத்தின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "வாங்க வாங்க, கடல் ராஜாக்களே!" என்றார்.

ஏகாம்பரத்தின் சட்டையில் மைக் இருந்தது. "ஏம்ப்பா தம்பி, படகு மேல பூட்சு காலா? இது இன்னா பஸ் ஃபுட்போர்டா? கழட்டு மொதல்ல!"

கூட்டம் ஓவென்று சிரித்தது. தொகுப்பாளருக்கு முகம் வெளுத்தது. அவருடைய பூட்ஸ் ரகசியம் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே நான்கு விரல் உயரத்துக்குக் கட்டை வைத்துத் தைத்தது. வேறு வழியில்லாமல் கழற்றினார். மனிதரின் உயரம் மடமடவென்று இறங்கியது. பேன்ட் தரையில் புரள, நிகழ்ச்சி முடியும்வரை ஃப்ளோரைப் பெருக்கிக்கொண்டே நடந்தார்.

மேலே பேனல் அறையில் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த வரதன் சார் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். "வாசல் வளந்துடுச்சு ராஜா! அந்த ஆள் கொறஞ்சதும் நம்ம அரண்மனை நாலு விரல் வளந்துடுச்சு!" அவர் குரல் உயர்ந்ததும் எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

போட்டியில் ஏகாம்பரம் குடும்பம் தோற்றது. மிக்ஸி ஒன்று ஆறுதல் பரிசு. விளக்குகளை அணைத்ததும் அவர் ஒருவராக மஞ்சள் டேப்பைத் தாண்டிப் பின்னால் போனார். நெஞ்சு உயரத் தூணில் கையை ஊன்றிக்கொண்டு வாசலையும் அணியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் படகு காலையில அந்த ஓரமா கெடந்துது."

"ஆமா சம்பந்தி."

"எனக்கோசரம்தான் இங்க வந்துது."

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. தலையாட்டினேன்.

"பூசை யாரு போட்டது?"

"நான்தான்."

"ஒழுங்கா போட்டுகிற" என்றார். அணியத்தை இன்னொரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நாள் பாக்கச் சொல்லு. ஆனா ஒண்ணு. கல்யாணப் பந்தலுக்கு இதே வாசல் வோணும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பத்தடியில, தேக்கு மாதிரி பாலீஷ் போட்டு செஞ்சிடறேன் சம்பந்தி."

"எவன் கேட்டான் பத்தடி? இதே அஞ்சடி. ஒரு வெரலு ஏத்துன, கல்யாணம் நின்னுடும். என் தம்பி சிரிச்சான் பாரு, அவன் போயி ஊர் பூரா சொல்லுவான். எல்லாரும் வரட்டும், பாத்துக்கறேன்."

அப்படியே நடந்தது. அக்கரைக் குப்பத்தில் பந்தல். வாசலில் ஐந்தடிக் கோபுரம், குறுக்கே பூசை போட்ட அணியம். உள்ளே நேர் எதிரே நாற்காலி போட்டு ஏகாம்பரம் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி, குனிந்து, தொட்டு, அவர் முன்னால் போய் நிமிர்ந்தார்கள். "வா வா, நல்லா குனி, இடுப்புக்கு நல்லது" என்று ஒவ்வொருவரையும் வரவேற்றார். அவர் தம்பி மூன்று முறை நுழைய வேண்டியிருந்தது. தண்ணீர் கொண்டு வா, வெற்றிலை கொண்டு வா என்று ஏகாம்பரம் அவரை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார். இன்னொரு பஞ்சாயத்தார் குனிய மனமில்லாமல் பந்தல் ஓலையைப் பிரித்துக்கொண்டு சமையல் பக்கமாக வந்தார். சாம்பார் அண்டாவில் கை வைத்துக்கொண்டார். கன்னியம்மா மருந்து போட்டுவிட்டாள்.

அப்போது வரதன் சார் படகில் வந்து இறங்கினார். பந்தலுக்கு எதிரே நின்று, அட்டையை எடுத்து ஓட்டை வழியாக வாசலைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பூட்ஸ் காலோடு அணியத்தைத் தாண்டி, நிமிர்ந்தபடி, தலை படாமல் நேராக உள்ளே நடந்து வந்தார். செட்டைச் சோதிக்கிற பழக்கம். கால்கள் தாமாகவே வந்துவிட்டன.

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊரே குனிந்த வாசலில் ஒரு மனிதர் நிமிர்ந்து வந்து நிற்கிறார். ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இன்னா சார், நீங்க மட்டும் குனியல?"

"எனக்குக் குனியத் தேவையில்லீங்க. அது என் அளவு" என்றார் வரதன் சார். சொன்ன பிறகுதான் சுற்றிலும் எல்லோருடைய வெறுங்கால்களையும் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். திரும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நான் பதறி எழுந்தேன். அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பூட்ஸையும் கழற்றி வைத்தார். வாசலுக்கு வந்தார். தலைக்கு மேல் இடம் இருந்தும், முழுவதுமாகக் குனிந்து அணியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஏகாம்பரம் போய் அவர் கையைப் பிடித்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தார். தாலி கட்டி முடிகிற வரைக்கும் தான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

வரதன் சார் இப்போது இல்லை. மஞ்சுளாவுக்கு இரண்டு பிள்ளைகள். அணியம் சம்பந்தி வீட்டு வாசலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசுகிறார்கள்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், போனில் அனுப்புங்கள், ஆனால் எழுதியபடியே அனுப்புங்கள். எங்கள் கரையோரக் குப்பங்களில் இந்தக் கதை கைமாறிக் கைமாறி, ஏகாம்பரம் இப்போது ஏழரை அடி ஆகிவிட்டார். வாசல் மூன்றடிக்கு இறங்கிவிட்டது. ஆரம்பாக்கம் பக்கம் அவர் தவழ்ந்தே வந்ததாகச் சொல்கிறார்கள். வாசல் ஐந்தடி. அதை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். அது வரதன் சாரின் அளவு.